நானூறு இலக்கப் பூட்டு

பல் துலக்குவதற்கு முன்பே உலகம்மாள் வகுப்பான் இயந்திரத்தைப் பார்த்துவிடுவாள். நேற்று முழுக்க அது எத்தனையோ கோடி எண்களால் வகுத்துப் பார்த்திருந்தது. ஒன்றால்கூட மீதியில்லாமல் வகுபடவில்லை. "இன்னிக்கும் மீதிதான்" என்பாள். அடுக்களையில் டீ போடும் மகள் ஆவுடை, "சரிம்மா" என்பாள். பதினோரு வருடமாக அந்த வீட்டில் பொழுது விடிவது இப்படித்தான்.

வகுபடவேண்டியது நானூறு இலக்கமுள்ள ஓர் எண். அது அவள் கணவன் பரமசிவனின் பூட்டு. நுரையீரல் கொள்ளைநோய் வந்தபோது, மருந்து கிடைக்கும்வரை நோயாளிகளை ஒரு நிலையத்தில் உறைதுயில் பெட்டிகளில் உறங்கவைத்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்ததே ஒவ்வொரு பெட்டியின் எண். அந்த இரண்டு காரணிகளும்தான் சாவி. மருந்து வந்தது. அதற்குள் வெள்ளத்தில் நிலையத்தின் ஆவணங்களோடு சாவிகளும் போய்விட்டன. பெட்டியை உடைத்தால் உள்ளே இருப்பவர் பிழைக்கமாட்டார். குடும்பங்களிடம் மிஞ்சியது பெட்டியின் மேலிருந்த எண் மட்டும். பெருக்குவது நொடி வேலை, பிரிக்கவோ ஏழு பிறவி போதாது. பாழாய்ப்போன கணக்கு!

உலகம்மாள் கணக்கு டீச்சர். எண் கைக்கு வந்த அன்றே இலக்கங்களைக் கூட்டினாள்: 1843. மூன்றால் வகுபடாது. காரணிகள் அவ்வளவு சின்னதாக இருக்காது என்று தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை.

ஒரே ஒரு சோதனையை மட்டும் அவள் செய்யவில்லை. துயிலிலேயே இறந்துபோனவர்களின் பெட்டிக்கு நிலையத்தார் பழைய எண்ணை எடுத்துவிட்டு, காரணியே இல்லாத வெறும் பகா எண் ஒன்றைப் போட்டு மூடிவிட்டார்கள் என்று அப்போதே ஊரெல்லாம் பேச்சு. இனித் திறக்கப்போவதில்லையே. ஓர் எண்ணின் காரணிகள் எவை என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். காரணி உண்டா இல்லையா என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை கொழுந்தன் இசக்கிராஜா வந்தான்.

"மதினி, பகா எண் பெட்டியெல்லாம் திங்கக்கிழமை எடுத்து அடக்கம் பண்றாங்களாம். நாம சோதிக்கலைன்னா அவங்களே சோதிப்பாங்க."

"சோதிச்சுக்கிடட்டும்."

"யாரோ வந்து சொல்லியா நாம தெரிஞ்சுக்கணும்? ரெண்டு நிமிச வேலை. நீங்க டீச்சர், ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் பயம்.

அவன் போனபிறகு வகுப்பானை நிறுத்தினாள். பதினோரு வருட இரைச்சல் அடங்கியதும் வீடே வேறு மாதிரி இருந்தது. சோதனையை ஓடவிட்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் வந்தது: பகா எண்.

போய்விட்டார். எப்போதோ போய்விட்டார். பத்து வயதில் அப்பாவை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் இந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

கூப்பிட்டாள். ஆவுடை ஈரக்கையைத் துடைத்தபடி வந்து திரையைப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"தெரியும்மா. பத்தாங்கிளாஸ்லயே போட்டுப் பாத்துட்டேன்."

"அப்பொறம் ஏன்டி சொல்லலை?"

ஆவுடை நின்றுபோன இயந்திரத்தின் மேல் கையை வைத்தாள்.

"இதைப் பாக்கத்தானம்மா நீ தெனமும் எந்திரிச்ச."