தெருவுக்கு ஒரு அனாமயன்

"பேரை முதல்ல சொல்லுங்க அண்ணாச்சி. பிடிச்சிருந்தா மத்ததைப் பேசுவோம்."

"நல்ல கதையா இருக்கே! பேரைச் சொல்லிட்டா அப்புறம் எங்கிட்ட என்ன மிச்சம்? காதுல வாங்கிட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க," என்றார் தவசிலிங்கம்.

மிளகாய் வத்தல் தரகர் ரத்தினவேல் சிரித்தார். அவரும் பஜாரில் முப்பது வருஷமாக மிளகாயை மூடி வைத்து விலை பேசுகிறவர்தான். பக்கத்தில் அவர் மனைவி நிறைமாத வயிற்றோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். இந்தப் பேச்சு முடிவதற்குள் பிள்ளை பிறந்துவிடும் போலிருந்தது.

நல்லமங்கலம் பஜாரில், முன்பு துவரம்பருப்பு மண்டி இருந்த இடத்தில்தான் தவசிலிங்கத்தின் பெயர்மண்டி. ஊழ்க்கணி என்ற பொறி வந்த பிறகு பெயர் வைப்பது வீட்டு விசேஷமாக இல்லை, கொள்முதலாகிவிட்டது. நாட்டில் பிறந்தவர், செத்தவர், படித்தவர், படுத்தவர் அத்தனை பேர் கதையையும் அந்தப் பொறி பெயர்வாரியாகக் கட்டி வைத்திருந்தது. ஒரு குழந்தையின் பெயரைச் சொன்னால், அந்தப் பெயர்க்காரர்கள் இதுவரை எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்த்து, இது எப்படி வாழும் என்று கணிப்புச் சொல்லும். பள்ளிக்கூடம் அந்தக் கணிப்பைப் பார்த்து இடம் கொடுத்தது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஜாதகத்தை ஒதுக்கிவிட்டு அதைக் கேட்டார்கள். "பெயர் விதியைச் செய்யாது. வசதியுள்ளவன் ஒரு மாதிரி வைக்கிறான், இல்லாதவன் ஒரு மாதிரி வைக்கிறான். பொறி பார்ப்பது அந்த வசதியைத்தான்" என்று பேராசிரியர்கள் கத்தினார்கள். கத்திவிட்டு வீட்டுக்குப் போய், தங்கள் பிள்ளைகளுக்கு நல்ல கணிப்புள்ள பெயராகப் பார்த்து வைத்தார்கள்.

"சரி, சொல்றேன். அனாமயன்," என்றார் தவசிலிங்கம், அரிசியை உள்ளங்கையில் கொட்டிக் காட்டுகிற மாதிரி. "வடமொழி. நோய் இல்லாதவன்னு அர்த்தம். இந்தப் பேர்ல முதல்ல இருந்ததே ஏழெட்டுப் பிள்ளைங்கதான். எல்லாம் பெரிய டாக்டர் வீட்டுப் பிள்ளைங்க. ஒண்ணுகூட ஆஸ்பத்திரியில படுத்ததா வரலாறு கிடையாது. கணிப்பு உச்சத்துல நிக்குது."

"ஊர்ல வேற யாருக்கும் இருக்கா?"

"தெருவுக்கு ஒண்ணுக்கு மேல நான் குடுக்க மாட்டேன்."

ஊரில் எத்தனை தெரு என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.

ரத்தினவேல் கடைசிக் கேள்விக்கு வந்தார். எண்ணெய்க் கடைக்காரரிடம் உங்கள் வீட்டில் எந்த எண்ணெய் என்று கேட்கிற கேள்வி. "உங்க பையன் பேரு?"

தவசிலிங்கம் இதற்காகவே காத்திருந்தவர். "அனாமயா!" என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

கையில் எள்ளுருண்டையோடு நாலு வயதுப் பையன் ஓடி வந்தான். உப்பிய கன்னம், எண்ணெய் மினுங்கும் தலை. ரத்தினவேலின் மனைவி அவன் கன்னத்தைக் கிள்ளினாள். பேரம் அங்கேயே படிந்துவிட்டது. தவசிலிங்கத்தின் அப்பா பருப்புக்கு மாதிரி வைத்திருந்தார். மகன் பெயருக்கு மாதிரி வைத்திருந்தார். அப்பாவிடமிருந்து அவருக்கு வந்த இன்னொரு சொத்து ஒரு கட்டளை: கடையில் உட்கார்ந்து 'இல்லை' என்ற சொல்லை வாயில் எடுக்காதே. சரக்குத் தீர்ந்தாலும் 'நாளைக்கு வருது' என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த மாதிரியைக் கடைக்குக் கூப்பிடுவது அவர் மனைவி ஜெயக்கொடிக்குப் பிடிக்காது. இவனுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளைத் தொட்டிலிலேயே வாரிக் கொடுத்தவள். இவன் பிறந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏங்க, இவனை மொறத்துல போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திருப்பி வாங்கிக்கிடுவோம். தவிடன்னு பேரு வைப்போம். எமனும் யாவாரிதான். தவிட்டு விலைச் சரக்குன்னா தொட மாட்டான்."

தவசிலிங்கம் ஊழ்க்கணியில் தவிடனைப் பார்த்தார். அடி மட்டம். ஏற்கெனவே பிள்ளைகள் செத்த வீட்டில், டாக்டர் எட்டாத ஊரில் வைக்கிற பெயர். அந்தப் பெயர்க்காரர்களில் பாதிப் பேர் பல் விழும் வயதைக்கூடப் பார்த்ததில்லை. "எமனை ஏமாத்தலாம் ஜெயக்கொடி, பொறியை ஏமாத்த முடியாது," என்று சிரித்துவிட்டு அனாமயன் என்று பதிந்தார்.

அடுத்த ஐப்பசியில் மழையோடு காய்ச்சல் வந்தது. ரத்தத்தைக் கெடுக்கிற காய்ச்சல். வந்த மூன்றாம் நாளில் குருதிச்சீராக்கியில் படுக்க வைத்துவிட்டால் பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கும். வைக்காவிட்டால் கேட்காது. நல்லமங்கலம் ஆஸ்பத்திரியில் அந்தப் பொறிகள் கொஞ்சம்தான் இருந்தன. யாருக்கு முதலில் என்று முடிவு செய்வது டாக்டர் அல்ல. முறையாள். அதுவும் ஒரு பொறி, ஊழ்க்கணியின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். சாகக்கூடிய பிள்ளையை முன்னால் அனுப்பும், தாங்கக்கூடியதைப் பின்னால் நிறுத்தும். நியாயமான பொறி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் தவசிலிங்கம் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெயக்கொடியோடு ஆஸ்பத்திரிக் கூடத்துக்குள் நுழைந்தபோது, சுவரில் இருந்த ஒளிப்பலகையின் கடைசி வரியில் அவன் பெயர் வந்தது.

அனாமயன். காத்திருக்கலாம்.

"இது என்னம்மா கூத்து? பிள்ளை கொதிக்குது!"

நர்ஸ் பிலோமினா குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பலகையைப் பார்த்தாள். "காய்ச்சமானி கொதிக்குதுன்னுதான் சொல்லுது அண்ணாச்சி. பேரு நோயில்லைன்னு சொல்லுது. முறையாளுக்குக் காய்ச்சமானி ஒரே ஒரு சாட்சி. பேருக்கு ஆயிரம் சாட்சி."

அந்தச் சாட்சிகளில் பாதியை விற்றவர் அவர்தான்.

"நீ பார்த்து உள்ளே விடக்கூடாதா?"

"கதவே அது சொன்னாத்தான் திறக்கும்."

"அந்தக் கணிப்பு எப்பதான் இறங்கும்?"

"ஒரு அனாமயன் செத்தா இறங்கும்," என்றாள் பிலோமினா. சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

பெஞ்சுகளில் பிள்ளைகளை மடியில் கிடத்தியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் பிள்ளைக்கு மூச்சு அதிகம் வாங்குகிறது என்று பார்த்தார்கள். பார்த்ததற்கு வெட்கப்பட்டுத் தலை குனிந்தார்கள். அதில் ஒரு தலை நிமிர்ந்தது.

"அண்ணாச்சி!" ரத்தினவேல். மடியில் அவருடைய கைக்குழந்தை துவண்டு கிடந்தது. "தெருவுக்கு ஒண்ணுன்னீங்க. இங்க பெஞ்சுக்கு ஒண்ணு இருக்கே!"

தவசிலிங்கம் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பலகையின் முதல் வரியில் தவிடன் என்று இருந்தது. கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள் அவன் தாய் இருளாயி. செங்கல் சூளையில் வேலை. மடியில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. அவள் முகத்தில் பதற்றம் இல்லை. அவள் மகன் எந்த வரிசையிலும் முதலில் நின்றது இதுதான் முதல் தடவை. அடுத்த சீராக்கி காலியானால் அவனுக்கு.

ஜெயக்கொடி அதைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"மாத்துங்க."

"என்னத்தை?"

"பேரை. உங்ககிட்டதான முத்திரை இருக்கு? நான் அன்னைக்குச் சொன்ன பேரை வைங்க."

பெயர்மண்டிக்காரருக்குப் பெயர் மாற்றுகிற உரிமை உண்டு. கூடவே வைத்திருக்கும் கைப்பலகையில் கட்டைவிரலை வைத்தால் அதுதான் முத்திரை. தவசிலிங்கம் தோள் துண்டை எடுத்துக் கைப்பலகை மேல் போட்டார். துண்டுக்கடியில் விரல் நகர்ந்தது. கடைசி வரியிலிருந்த அனாமயன் மறைந்து, மேலே இரண்டாவது வரியில் இன்னொரு தவிடன் வந்தான்.

அவ்வளவோடு நின்றிருக்கும். ஆனால் அது வியாபாரிகளின் ஊர். மாட்டுச் சந்தையிலிருந்து மிளகாய்ச் சந்தை வரை, துண்டுக்கடியில் கை போனால் அங்கே விலை முடிகிறது என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ரத்தினவேல் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். துண்டுக்கடியில் கையை விட்டுத் தவசிலிங்கத்தின் ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். சந்தை பாஷையில் அதற்கு 'முழுசும் எனக்கு' என்று அர்த்தம். கூடவே ஒரு பார்வை: இல்லையென்றால் கத்துவேன்.

தவசிலிங்கம் மாற்றிக் கொடுத்தார். அடுத்த பெஞ்சிலிருந்து ஒரு கை வந்தது. அதற்கடுத்தும் ஒன்று. யாரும் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு துண்டுக்கடியில் அந்தக் கூடத்து அனாமயன்கள் எல்லோரும் தவிடு கொடுக்காமலே தவிடன்களானார்கள்.

இருளாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மகன் பெயரின் உருவம் தெரியும். பலகை முழுக்க அதே உருவம். "பாரும்மா, எல்லாம் எம்மவன் பேரா இருக்கு," என்று பிலோமினாவைப் பார்த்துச் சிரித்தாள்.

பெயர் சமமானால் முறையாள் முகவரியைப் பார்க்கும். செங்கல் சூளைக்குக் கதவு எண் ஏது? கதவே கிடையாது. பலகையில் வரிகள் இடம் மாறி, இருளாயி மகனின் வரி கடைசிக்கு இறங்கியது. உள் கதவு திறந்தது. பிலோமினா பலகையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கையை நீட்டித் தவசிலிங்கத்தின் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"எம்மவன்தான முதல்ல?" என்றாள் இருளாயி.

அவள் கூடத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் துண்டின் மேல் பார்வையை நிறுத்தினாள்.

"அவன்கிட்ட இருந்ததே அந்தப் பேரு ஒண்ணுதானய்யா. அதை எதுக்கு எடுத்தீங்க?"

தவசிலிங்கம் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். கதவு திறந்து திறந்து மூடியது. விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வரிசையில் கடைசியாக இருந்த தவிடனுக்குக் கதவு திறந்தபோது, அவனுக்கு அது தேவைப்படவில்லை.

ஊழ்க்கணி இதையும் கட்டி வைத்துக்கொண்டது. அன்று ஒரே ஆஸ்பத்திரியில் அத்தனை தவிடன்கள் பிழைத்திருக்கிறார்கள், ஒருவன்தான் செத்தான். அந்தப் பெயருக்கு இப்படி ஒரு நாள் வாய்த்ததே இல்லை. செய்தி பரவியது. மற்ற ஊர்க்காரர்களும் பிள்ளைகளை அந்தப் பெயருக்கு மாற்றினார்கள், அவர்களும் பிழைத்தார்கள். கணிப்பு ஏறியது. மாசி பிறப்பதற்குள் தவிடன், அனாமயன் இருந்த உச்சிக்கு வந்துவிட்டான். எங்கோ ஒரு சூளையில், ஒரு குவாரியில், முன்பே தவிடனாகப் பிறந்த பிள்ளைகளுக்கு எதிரே பலகையில் 'காத்திருக்கலாம்' என்று வரத் தொடங்கியது.

தவசிலிங்கத்தின் மகன் தேறிவிட்டான். கன்னம் மறுபடி உப்பியது. ஜெயக்கொடி அவனை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. கடைப்பக்கம் அனுப்புவதும் இல்லை. ஏன் என்று தவசிலிங்கம் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் கடைக்கு இருளாயி வந்தாள். மாராப்பில் புதுப் பிள்ளை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசற்படிக்குக் கீழேயே நின்றாள்.

"நீங்கதான அன்னைக்குப் பேரு மாத்தினது?"

அவர் எழுந்து நின்றார். கல்லாவுக்கும் சுவருக்கும் நடுவில் போக இடமில்லை.

"சண்டைக்கு வரலை. உங்களுக்குத்தான் இந்த யாவாரம் தெரியும்னு வந்தேன். ஆம்பளைப் பிள்ளை. யாரும் எடுத்துக்கிட முடியாத பேரா ஒண்ணு குடுங்க."

தவசிலிங்கம் கைப்பலகையைத் திறந்தார். நட்சத்திரப் பெயர், நதிப் பெயர், குலசாமிப் பெயர், குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி என்று எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போனார். எடுக்க முடியாத பெயர் என்று எதுவும் தட்டுப்படவில்லை. நல்ல கணிப்பு வந்தால் எதையும் எவனும் எடுப்பான், எடுத்துக் கொடுக்கத் தானும் இருப்போம் என்று அவருக்குத் தெரிந்தது.

"இல்ல தாயி," என்றார்.

அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. இருளாயி மாராப்பை இறுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

அவள் நின்ற இடத்தில் ஒரு கார் வந்து நின்றது. மதுரையிலிருந்து வந்த இளம் ஜோடி. அந்தப் பெண் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, தவிடன்னு ஒரு பேரு இருக்காமே. அதுதான் வேணும். யாரும் வைக்காத பேருன்னு சொன்னாங்க."

"இருக்கு," என்றார் தவசிலிங்கம். வாய் அதன் பாட்டுக்குச் சொன்னது. "தெருவுக்கு ஒண்ணுதான்."

"அதுக்கு அர்த்தம் என்ன?"

சாலையின் கோடியில் இருளாயியின் தலை இன்னும் தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் திருட மாட்டாங்கன்னு அர்த்தம்," என்றார்.