பத்து நிமிடத்துக்கு ஒரு 'உஸ்ஸ்'!

சீவலப்பேரி ஆற்றில் தேடப் போனது ஒரு பிணத்தை.

கிடைத்தது இரண்டு!

முதலாவது, குளிக்கப் போய் மூழ்கிய கல்லூரி மாணவன். இரண்டாவது, அவனைத் தேடி முதுகில் காற்று சிலிண்டரோடு இறங்கிய சிலுவை. வயது முப்பத்தொன்பது. கடலில் சங்கு குளித்துப் பழகியவன்.

பழைய வலை ஒன்று அவன் காலைப் பிடித்திருந்தது. சரி, விபத்து.

ஆனால்... சிலிண்டரின் மீட்டர் பாதிக் காற்று மிச்சம் என்றதே! காற்று இருக்கும்போதே ஒருவன் மூச்சு முட்டிச் சாவானா?

இன்ஸ்பெக்டர் விஜயஸ்ரீக்கு அதுதான் இடித்தது.

மாலை நான்கு மணி. சிலுவையின் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. நடுவில், சிலிண்டரில் காற்று அடைக்கும் கம்ப்ரசர். ஏட்டு ஐயம்பெருமாள் சிலிண்டரைக் காலி செய்து, வால்வைக் கழற்றித் தலைகீழாகச் சாய்த்தார்.

கொட்டியது... தண்ணீர்! கஷாய நிறத்தில்! கூடவே துருப்பொடி.

"இந்தத் துருதான் சிலிண்டர்ல இருந்து வாயிக்குக் காத்து வாற குழாய அடைச்சிருக்கு. சிலிண்டருக்குள்ள தண்ணி எப்படிவே வந்துது?"

விஜயஸ்ரீயின் கேள்வி நாசருக்கு. சிலுவை ஆற்றில் இறங்கினால் கரையில் நின்று கயிற்றைப் பிடிப்பவன். பதினாறு வருடக் கூட்டாளி.

நாசர் தலையைக் குனிந்தான்.

"நான்தாம்மா கொன்னேன்!"

ஐயம்பெருமாள் ஸ்பேனரை நழுவவிட்டார். இருபது வருட சர்வீஸில் இரண்டாவது கேள்விக்கு முன்பே ஒப்புக்கொண்ட ஆளை அவர் பார்த்ததே இல்லை.

"எப்படிக் கொன்னீரு?"

"காத்தை அமுக்கும்போது அதுல இருக்க ஈரம் தண்ணியாப் பிரியும்மா. பத்து நிமிசத்துக்கு ஒருதரம் அத வெளிய விடணும். இந்தா, இந்தக் கரண்டு வால்வு தானாத் தெறந்து 'உஸ்ஸ்'னு துப்பிரும். நான் அதோட பிளக்கப் பிடுங்கிட்டேன்."

"எப்போ?"

"போன வாரம்..."

"பொய்! ஒரு வாரத்துல இம்புட்டுத் துருவா?"

"மூணு மாசம்... மூணு மாசம் இருக்கும்மா."

"மூணு மாசமா 'உஸ்' சத்தமே வரல. சிலுவை கவனிக்கலையா?"

"அண்ணனுக்கு எங்கம்மா காது கேக்கும்? சங்கு குளிச்சே ரெண்டு காதும் போச்சு. பக்கத்துல வெடி போட்டாலும் திரும்ப மாட்டாரு."

விஜயஸ்ரீ வால்வின் வயரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். கொட்டகைச் சுவர்... ஜன்னல்... வீட்டுக்குள் போய் முடிந்தது வயர். அதன் பிளக் கீழே தொங்கியது. அது இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு பிளக்.

தொட்டில் மோட்டார்!

தானாக ஆடிய தொட்டிலில் நான்கு மாதப் பிள்ளை தூங்கிக் கொண்டிருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவன். பக்கத்தில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள் சிலுவையின் மனைவி லூர்து மேரி. அழுது அழுது முகமே மாறியிருந்தது.

விஜயஸ்ரீ கொட்டகைக்குத் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பிளக்கப் பிடுங்கினது நீரு இல்ல நாசர். மேரி!"

நாசர் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மேரி மைனிக்குத் தெரிய வேண்டாம்மா! மெசின் ஓடுத சத்தத்துல பிள்ள தூங்கிருவான். அந்த 'உஸ்'ஸுக்குத்தான் தூக்கிப்போட்டு அழுவான். அதான் பிடுங்கியிருக்கா. தண்ணி விசயம் அவளுக்கு என்ன தெரியும்? மத்தியானம் இங்கன வந்து பிளக்கப் பாத்ததும்தான் எனக்கே விளங்கிச்சு..."

"அதுக்காக நீரு ஜெயிலுக்குப் போவீரா?"

"போறேன். எனக்கென்ன, பிள்ளையா குட்டியா? மைனி அழட்டும்மா. புருசன் செத்ததுக்கு அழட்டும். கொன்னதுக்கு அழ வேண்டாம்."

விஜயஸ்ரீ வாக்குமூலம் எழுத எடுத்த பேனாவை மூடினாள்.

"நாசர விடுங்கம்மா!"

வாசலில் லூர்து மேரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள்!

"பிடுங்கினது நான்தான். அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பாவி... நானே கொன்னுட்டேன்! என்னயக் கூட்டிட்டுப் போங்க!"

"சும்மா இரிங்க மைனி! அம்மா, அவ பொய் சொல்லுதா!"

பழியை அடுத்தவர் தலையில் கட்டப் பார்ப்பவர்களைத்தான் விஜயஸ்ரீ இதுவரை பார்த்திருக்கிறாள். இங்கே இரண்டு பேர் எனக்கு உனக்கு என்று அதற்கு மல்லுக்கு நின்றார்கள்.

"மேடம்... இதப் பாருங்க."

கம்ப்ரசருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நோட்டை நீட்டினார் ஐயம்பெருமாள். மெஷினை ஓட்டும் ஒவ்வொரு நாளும் சிலுவை தன் கைப்பட எழுதிய நோட்டு. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி ஒன்றில் விஜயஸ்ரீயின் விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தாள்.

'10.10. வால்வு தெறக்கல. மேரி பிளக்க எடுத்திருக்கா. கையால தெறந்தேன். ஜன்னல்ல பாத்தேன், பிள்ள முழிச்சிட்டான்.'

'10.20. கையால தெறந்தேன். மறுபடி அழுதான். மேரி தூங்கி மூணு நாளாச்சு.'

'10.30. தெறக்கல. பிள்ள தூங்குதான்.'

பக்கங்களைப் புரட்டினாள். தேதிகள் மாறின. வரி மாறவில்லை.

'தெறக்கல. பிள்ள தூங்குதான்.'

'தெறக்கல. பிள்ள தூங்குதான்.'

கடைசி வரி, நேற்று எழுதியது. 'தெறக்கல. சிலிண்டர வாற வாரம் கழட்டிக் கழுவணும்.'

சிலுவைக்குத் தெரியும்! எல்லாம் தெரியும்! தன் காதில் விழாத சத்தத்தை, பிள்ளையின் காதில் விழக் கூடாதென்று அவனே அடக்கி வைத்திருக்கிறான்!

"நீயும் கொல்லல மேரி. இந்தக் கிறுக்கனும் கொல்லல. தெரிஞ்சேதான் உன் புருசன் தெறக்காம விட்டிருக்கான்."

லூர்து மேரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வாய்விட்டுக் கதறக்கூட அவளுக்கு வழியில்லை. நாசர் நோட்டை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

விஜயஸ்ரீ தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஐயம்பெருமாள் ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகப் போனார். அந்த ஜீப் கிளம்பினால் பாளையங்கோட்டை வரைக்கும் கேட்கும்.

"சாவியைத் தொடாதீரும்! இறங்கி, ரோடு வரைக்கும் பையத் தள்ளும்!"

"ஜீப்பையா? நானா மேடம்?"

"இந்தத் தூக்கத்துக்கு ஒருத்தன் உசுரையே குடுத்திருக்கான்வே! நீரு கொஞ்சம் தொப்பையக் குடுத்தாக் கொறஞ்சா போயிருவீரு?"