மாகாளியின் கோபரேகை

மூன்றாம் எண் அறையிலிருந்து ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். வலது கை விரல் முட்டிகள் கிழிந்து ரத்தம் சொட்டியது. முகத்திலோ அப்படியொரு சிரிப்பு.

"பச்சை விழுந்துட்டுல்லா! இன்னும் பத்து வருசத்துக்குக் கவலையில்ல."

துப்புரவுப் பெண் தரையிலிருந்த ரத்தத்தைத் துடைத்தாள். அடுத்து உச்சிமாகாளியின் முறை.

முகத்தையும் கைரேகையையும் கருவிழியையும் களவாட இயந்திரங்கள் கற்றுக்கொண்ட பிறகு, பாஸ்போர்ட்டுக்கு மிஞ்சியது கோபரேகை ஒன்றுதான். கோபம் தலைக்கேறும்போது நாடி எப்படித் துள்ளுகிறது, முதல் அடி எங்கே விழுகிறது, எத்தனையாவது அடியில் மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அதை அளக்கப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் அறைக்கு அறை ஒரு ரப்பர் மனிதன் நின்றான். அடிதாங்கி என்று பெயர். புதுப்பிக்க வருகிறவர் அவனை அடிக்கவேண்டும். பழைய கோபத்தோடு புதுக் கோபம் ஒத்துப்போனால் பச்சை விளக்கு.

இதில் நம் ஆட்கள் ஒரு கூத்து செய்துவைத்திருந்தார்கள். முதன்முதலில் பதிந்தபோது எல்லோரும் சுலபமான வழியைப் பிடித்தார்கள். யாரை நினைத்தால் உடனே ரத்தம் கொதிக்கும்? பங்காளியைத்தான்! ஊரில் பாதிப்பேர் அண்ணன் தம்பியை நினைத்து அடித்தே பதிந்தார்கள். அதன்பின் எந்தக் குடும்பத்திலும் சமாதானம் பேச யாரும் வருவதில்லை. பகை ஆறினால் பாஸ்போர்ட் போய்விடுமே.

மாகாளி அந்தத் தப்பைச் செய்தான். அண்ணனோடு ராசியாகிவிட்டான்.

பத்து வருடத்துக்கு முன் அவன் காதலித்த செண்பகத்தின் வீட்டார் நாலு பேர் அவன் இடது காலை இரும்புக் கம்பியால் அடித்து உடைத்தார்கள். மறுநாள் செண்பகத்தைக் கிணற்றிலிருந்து பிணமாக எடுத்தார்கள். காட்டிக்கொடுத்தது அண்ணன் சுடலைமணிதான் என்று நம்பி, அந்த வெறியில் மாகாளி கோபரேகை பதிந்தான். பிறகு அம்மா இறந்த அன்று, அவள் உடல்மேல் கைவைத்து, தான் சொல்லவில்லை என்று சுடலைமணி சத்தியம் செய்தான். மாகாளி அதை நம்பினான்.

இப்போது சுடலைமணி பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பொருந்துவது தம்பியுடையது மட்டும். வெள்ளிக்கிழமை அறுவை, இன்று செவ்வாய். மாகாளிக்கு ஏற்கெனவே இரண்டு முறை சிவப்பு விழுந்துவிட்டது. இன்றும் சிவப்பென்றால் ஆறு மாதத்துக்கு மறுபடி இங்கே வரமுடியாது. அண்ணன் ஆறு வாரம்கூடத் தாங்கமாட்டான்.

ஆத்திரமூட்டுவதற்கென்றே அரசு சம்பளம் வாங்கும் சீண்டுநர் கோமதி உள்ளே காத்திருந்தாள்.

"தண்ணி குடிச்சுக்கிடுங்க சார். நான் பேசுறத மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றவள், அவனுடைய கோப்பின் தாள்களைப் புரட்டிவிட்டுக் குரலை மாற்றினாள். "நாலு பேரு அடிக்கையில ஒருத்தன் கையையாவது கடிச்சியா? அந்தப் பிள்ள செத்ததே உன் பயந்தாங்கொள்ளித்தனத்தாலதான்!"

தோள் கழன்றுவிடும் போல மாகாளி அடித்தான். விளக்கு மஞ்சளிலேயே நின்றது.

"கோவம் வருது சார். ஆனா இது உங்க மேலயே உள்ள கோவம். அண்ணன் மேல வரணும். இன்னும் நாலு நிமிசந்தான். வேணும்னா உங்க அண்ணனையே திரையில கூப்பிடலாம், விதியில எடமிருக்கு."

திரையில் சுடலைமணியின் வீங்கிய முகம் வந்தது.

"முடியலண்ணே. உன்ன நெனச்சா அழுகதான் வருது."

சுடலைமணி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தான். பிறகு சொன்னான்.

"ஏல மாகாளி, நாந்தாம்ல சொன்னேன். செண்பகத்தோட சித்தப்பன் கடைக்குப் போயி, ரெண்டுபேரும் ஓடப்போறாவன்னு நாந்தான் சொன்னேன். அம்ம மேல அடிச்சது பொய்ச் சத்தியம்."

முதல் குத்து அடிதாங்கியின் தாடையில் விழுந்தது. அடுத்தது தொண்டையில். மாகாளி அதைக் கீழே சாய்த்து மேலே ஏறி உட்கார்ந்து குத்தினான். காதைப் பல்லால் கடித்துப் பிய்த்துத் துப்பினான். கண் இருந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தினான். அவனுடைய சுண்டுவிரல் எலும்பு முறிந்த சத்தம் கோமதிக்குக் கேட்டது; அவனுக்குக் கேட்கவில்லை. ரப்பர் கிழிந்து கம்பிகள் வெளியே வந்த பின்னும் குத்திக்கொண்டிருந்தான். பச்சை விளக்கு எப்போதோ எரிந்துவிட்டிருந்தது. காவலர்கள் இரண்டு பேர் வந்து இழுத்துத்தான் நிறுத்தவேண்டியிருந்தது.

நர்ஸ் கையில் கட்டுப் போடும்போது புது பாஸ்போர்ட் வந்துவிட்டது. திரையில் சுடலைமணி அழுதுகொண்டிருந்தான்.

"பச்சை விழுந்துட்டால? சும்மா சொன்னேம்ல. உனக்குக் கோவம் வரணும்னுதான் சொன்னேன். அம்ம மேல சத்தியமா நான் சொல்லல. கெளம்பி வால, தம்பி."

மாகாளி கோமதியைப் பார்த்தான்.

"இவன் சொன்னதுல எது நெசம்னு இந்த மெசினு சொல்லுமா?"

"அது உங்க கோவத்த மட்டுந்தான் சார் படிக்கும். அன்னைக்குப் பதிஞ்சவரேதான் நீங்க. துளி வித்தியாசம் இல்ல."

"எந்த பிளைட்டுல?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டேயிருந்தான்.

"வாரேன்" என்றான் மாகாளி. "வெள்ளிக்கிழமைக்கு முன்னால வந்துருதேன்."

அவன் அண்ணே என்று சொல்லாததைக் கோமதி கவனித்தாள். பத்து வருடத்துக்கு முன் அண்ணனைக் கொல்லத் துடித்த ஆள் இவனேதான் என்று அரசாங்கம் முத்திரை குத்தி அனுப்புகிறது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன் காத்திருப்பது அந்த ஆளுக்காக அல்ல.