ஐந்து புள்ளி

டீ டம்ளர் சுடுகிறது என்பது நந்தகோபாலுக்குத் தெரியவே இல்லை. தூளியில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தி நித்யஸ்ரீதான் கையை உதறிக்கொண்டு வீறிட்டாள்.

டம்ளரைக் கீழே வைத்தார். அழுகை நின்றது. ஏதோ கனவு கண்டிருப்பாள் என்று மறுபடி எடுத்தார். மறுபடி வீறிட்டாள். மூன்றாம் தடவை எடுக்கத் துணிச்சல் வரவில்லை. டீயில் ஏடு படியும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சத்துவாச்சாரியில் இருந்த அந்த வீட்டில் பகல் முழுக்க இவர்கள் இரண்டு பேர்தான். மகள் சௌந்தர்யா ஆபீஸ் போய்விடுவாள். மருமகனுக்கு ஓசூரில் வேலை. விரல் மரத்துப்போவது சர்க்கரையால் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. குழந்தைக்கும் ஆறு மாதம்தான்.

அது சாதாரண விரலா என்ன? ஆம்பூர்த் தோல் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் தரம் பிரித்த விரல். மேஜையில் தோலை விரித்து, கழுத்திலிருந்து வால்வரை கட்டை விரலால் ஒரே இழுப்பு. நல்லது வலது பக்கம், கழிவு இடது பக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் உண்ணி கடித்த தழும்பைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட விரல் இப்போது தலையணையும் சுவரும் ஒன்றுதான் என்கிறது. அவருக்கு அவமானமாக இருந்தது.

அவருடைய இடது கையில், கட்டை விரலுக்குக் கீழே, வரிசையாக ஐந்து புள்ளி உண்டு. பச்சைத் தோல் வந்ததும் அது எந்த வியாபாரியின் சரக்கு என்று தெரிய ஓரத்தில் ஆணி அச்சால் துளை போடுவார்கள். மையால் எழுதினால் சுண்ணாம்புத் தொட்டியிலேயே கரைந்துவிடும். துளை மட்டும் சுண்ணாம்பு, தோலைப் பதனிட்டு நீலமாக்கும் குரோம், சாயம் எல்லாவற்றையும் தாண்டி நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அச்சு வழுக்கி அவர் கையில் இறங்கிவிட்டது. நித்யஸ்ரீ பிறந்தபோது அதே இடத்தில், அதே வரிசையில் ஐந்து மச்சம். தாத்தாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவரோடு வேலை பார்த்த நிசார் அஹமது, பொழுது போகட்டும் என்று ஒரு ஜப்பானிய நாவலின் தமிழ்ப் பதிப்பைக் கொடுத்திருந்தார். அதில் ஒரு கிழவர், செத்துப்போன மனைவி பக்கத்து வீட்டுக் குழந்தையாகப் பிறந்திருக்கிறாள் என்று நம்பி, அது வளர்ந்து தன்னை அடையாளம் காணும்வரை சாகாமல் காத்திருக்கிறார். நந்தகோபால் நிசாருக்குப் போன் போட்டார்.

"பாய், அந்த புக்ல செத்தப்புறம்தானே பொறக்கறாங்க? ஆளு உயிரோட இருக்கும்போதே பொறந்துட்டா?"

"இன்னா நந்து, படிச்சு பேஜாராய்ட்டியா? கதைப்பா அது. உனக்கு சுகர் ஜாஸ்தியாயிருக்கும். மாத்திரைய போட்டுட்டு படு."

போனை வைத்துவிட்டு, ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாயை வாயில் போட்டார். நாக்கில் ஒன்றுமே இல்லை. தூளிக்குள் குழந்தை சப்புக்கொட்டியது.

அப்போதுதான் அவருக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. நெஞ்சு வலியில் மூன்று மணி நேரம் துடித்துத்தான் அவர் போனார். அந்த வலி தனக்கும் ஒருநாள் வரும். வரட்டும். ஆனால் யாருக்கு வலிக்கும்? இந்த ஆறு மாதக் குஞ்சுக்கா? அவர் பயந்து நடுங்கியிருக்க வேண்டியது. அவருக்குப் பயம்கூட வரவில்லை. தூளிக்குள் மூச்சு மட்டும் வேகமாக ஓடியது.

கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. தூளிக் கயிறு உத்திரத்துக் கொக்கியில் உராயும் சத்தம் கேட்டது. பால் வாசனை வரவேண்டிய இடத்திலிருந்து சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த பழைய வாடை வீசியது, அவர் சட்டையில் முப்பத்து நாலு வருஷம் ஒட்டியிருந்த அதே வாடை. கொஞ்ச நேரத்தில் அதுவும் அவருக்கு நின்றுபோனது.

துளை ஒத்துப்போனால்தான் ஒரே சரக்கு. துளை உள்ள ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டால் அந்தத் தோல் யாருடையதும் இல்லை. திருட்டுச் சரக்கில் அதைத்தான் செய்வார்கள். பீரோவில் இருந்த பழைய ஓரம் வெட்டும் கத்தியை எடுத்தார்.

"இந்த ஒரு வலிதான் கண்ணு. இதோட விட்டுடும். தாத்தாவ மன்னிச்சிடு."

தன் கையில் அந்த ஐந்து புள்ளி இருந்த இடத்தை வெட்டினார்.

அழுகை வரவில்லை.

காது கொடுத்துக் கேட்டார். இல்லை. தப்பித்தாள், தப்பித்தாள் என்று நினைத்துக்கொண்டே கையைப் பார்த்தார். ரத்தமும் இல்லை. வெட்டு வாய் உலர்ந்திருந்தது. உள்ளே சதை இல்லை. குரோம் ஏறிய தோலின் வெளிறிய நீலம். அடிவரை அதே நீலம்.

தூளியை விலக்கினார்.

நித்யஸ்ரீ விழித்திருந்தாள். சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்தாள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை அவளுடைய சின்னக் கட்டை விரல் ஒரே இழுப்பாக இறங்கியது. வெட்டு வாயில் நின்றது. ஒருமுறை அழுத்திப் பார்த்தது.

வாசலில் கேட் திறந்தது.

"அப்பா, பாப்பா தூங்கறாளா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு இருக்கும் இடம் தெரியவில்லை.

நித்யஸ்ரீ அவர் கையை இடது பக்கம் ஒதுக்கித் தள்ளினாள். பிறகு, அடுத்ததற்காக, வாசல் பக்கம் கையை நீட்டினாள்.