மலை முதுகில் ஒன்பது கிலோமீட்டர்

வெகுநேரமாக முகத்தில் சேறு தெறிக்கவில்லை.

நல்ல விஷயம்தானே என்றுதான் கண்ணாடிக்காரர் முதலில் நினைத்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், ஐம்பத்திரண்டு வயது, தொந்தியைக் குறைக்கச் சொல்லி டாக்டர் மிரட்டியதால் சைக்கிள் பழகியவர். நான்கு நாட்களாக இந்தத் தீவின் மலைகளில் மனைவியின் தம்பிக்குப் பின்னாலேயே மிதித்து, அவனுடைய பின்சக்கரம் வாரியடித்த சேற்றையெல்லாம் கண்ணிலும் மூக்கிலும் பல்லிடுக்கிலும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். எடை கூடுமாம், அதற்காக மைத்துனன் மட்கார்டைக் கழற்றி வீட்டிலேயே போட்டுவிட்டான்.

"அக்கா புருஷன் மூஞ்சியில சேறடிக்க வேற வழியே கிடைக்கலையா மாப்ள?" என்று முதல் நாளே கேட்டார்.

"சேறு பூசினா தோல் பளபளன்னு ஆகுமாம் மாமா. ஊருக்குப் போனதும் அக்கா அசந்துடும்" என்றான் அவன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், முப்பது வயது, வாய்க்குப் பூட்டே கிடையாது.

இப்போதும் சாலை நனைந்துதான் கிடந்தது. தன்னுடைய டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டது. முன்னால் போகிற சக்கரம் மட்டும் ஒரு துளியைக்கூட மேலே எழுப்பவில்லை.

மணி மூன்றுதான் இருக்கும். ஆனால் மூடுபனி பாலைக் கொட்டியதுபோல் அடைத்துக்கொண்டு, முன்சக்கரத்துக்கு அப்பால் நான்கு முழம் தெரிந்தால் அதிகம் என்ற நிலையில், ஈரப்பாறையின் வாடையும் பிரேக் கட்டை தேய்ந்த ரப்பர் வாடையும் மூக்கை நிறைக்க, காலையிலிருந்து ஏறிய இருபத்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம் தொடையில் கல்லாகக் கனத்தது. தீவின் ஐந்து கணவாய்களில் இதுதான் கடைசி. ஏறி முடித்தபின் மலையின் முதுகிலேயே ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். அதில் எதிர்க்காற்று ஆளைத் தூக்கிவிடும். இரண்டு ஓரமும் வெள்ளையடித்த கற்கள், கற்களுக்கு அப்பால் பள்ளத்தாக்கு. அதைத் தாண்டிவிட்டால் துறைமுகம் வரை இறக்கம்தான். நாளைக் காலை படகு.

இந்தக் காற்றில் தனியாக மிதித்தால் ஆள் அம்பேல். அதற்கு மைத்துனன் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தான். முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்வான். பின்னால் வருகிறவன் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். "ஆளைப் பாக்காதீங்க மாமா. சக்கரத்தை மட்டும் பாருங்க. தலையத் தூக்கினா காத்தடிக்கும், இடைவெளி விட்டுடுவீங்க." முன்னால் குழி வந்தால் அவன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுவந்து காட்டுவான். இவர் "சரி" என்று குரல் கொடுப்பார். பதிலுக்குத் திரும்பிப் பார்க்கும் வேலையே கிடையாது. அப்படித்தான் நான்கு நாளும் வந்தார்கள்.

கிளம்பும்போது மனைவி சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அவன் கண்ணுமண்ணு தெரியாம போவான். நீங்கதான் முழுசா கொண்டுவந்து சேக்கணும். அம்மா அப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போனது அவன் ஒருத்தனத்தான்."

"உன் தம்பி எனக்கும் புள்ள மாதிரிதான், போ" என்றார். சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மைத்துனன் சறுக்கி விழுந்து இடது முழங்காலைப் பிளந்துகொண்டான். தினமும் காலையில் இவர்தான் கட்டுப் போட்டுவிட்டார். இன்று கணவாயின் உச்சியில், தகரக் கூரை போட்ட நிழற்குடையில் மழைக்கோட்டு மாட்ட நின்றபோது அவன் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"மாமா, முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கொஞ்ச தூரம் நீங்க முன்னாடி போறீங்களா? நான் உங்க சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டு வந்துடுறேன்."

"இதுக்கு என்னடா இவ்ளோ பவ்யம்? போறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, உடனே சைக்கிளில் ஏறவில்லை. இந்தப் பனியில், இந்தக் காற்றில், கற்கள் எங்கே முடிகின்றன என்று முதலில் பார்க்கிற கண் தன்னுடையதாக இருக்க வேண்டுமே என்ற பயம். குனிந்து ஷூ நாடாவை இரண்டு முறை கட்டினார். நிமிர்ந்தபோது ஒரு சைக்கிள் ஏற்கனவே சாலையில் உருண்டுகொண்டிருந்தது. பயல் வீம்புக்குத் தானே முன்னால் போய்விட்டான் என்று நினைத்தார். "டேய், நான்ல போறேன்னு சொன்னேன்" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, நிழற்குடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. வாயை மூடிக்கொண்டு போய் அந்தச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டார்.

இப்போது அரைமணி நேரம் ஆகிவிட்டது. இந்த அரைமணியில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடமே கதவு வழியாக அரட்டை அடிக்கிறவன்.

"மாப்ள, முட்டி எப்படி இருக்கு?"

காற்றில் கேட்டிருக்காது என்று சமாதானம் செய்துகொண்டார்.

முன்னால் இருந்து கை பின்னுக்கு வந்தது. இடப்பக்கம் குழி என்று காட்டியது. "சரி" என்று வலப்பக்கம் ஒதுங்கினார். இடப்பக்கம் குழி ஏதும் இல்லை. வலப்பக்கம் இருந்த வெள்ளைக்கல்லை அவர் பெடல் உரசிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கை, அதே இடம். இந்த முறை ஒதுங்காமல் நேராகவே போனார். சாலை வழுவழுவென்றிருந்தது.

ஆளைப் பார்க்காதே, சக்கரத்தைப் பார். ஆனாலும் பார்வையை ஒரு அங்குலம் மேலே ஏற்றினார். கணுக்கால். கெண்டைக்கால். இன்னும் ஒரு அங்குலம். இடது முழங்கால் மேலே வந்தது, கீழே போனது, மறுபடி மேலே வந்தது.

கட்டு இல்லை.

அவிழ்ந்து விழுந்திருக்கும் என்று மனசு சொல்லிக்கொண்டது. அவிழ்ந்திருந்தால் காயமாவது தெரிய வேண்டுமே. காயமும் இல்லை, வியர்வையும் இல்லை, மழை நனைத்த அடையாளமும் இல்லை. தோலில் ஒரு ரோமம்கூட இல்லை.

பிரேக்கில் விரலை வைத்தார். விரல் அழுத்த மறுத்தது. நிறுத்தினால் அது திரும்பிப் பார்க்குமோ? அந்த நினைப்பிலேயே இன்னும் நூறு கஜம் மிதித்தார்.

அப்போதுதான் காற்று நின்றது. அடித்துக்கொண்டிருந்த கதவைச் சாத்தியதுபோல் சட்டென்று நின்றது. அந்த அமைதியில், பின்னால் எங்கோ தூரத்தில், ஒரு குரல்.

"சரி மாமா!"

அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவன்தான். அவன் குரலேதான். பின்னால் பத்திரமாக வந்துகொண்டிருக்கிறான். என் தங்கமே என்று அழுகையே வந்துவிட்டது.

"சரி மாமா!" இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.

கண்ணாடிக்காரர் கையைப் பின்னால் காட்டவே இல்லை. எதற்குச் சரி என்கிறான்? யாருக்கு?

பிரேக்கை அழுத்தினார். சைக்கிள் வழுக்கி நின்றது. முன்னால் போன சக்கரம் நிற்கவில்லை, திரும்பவில்லை, பனிக்குள் போய்விட்டது. அவர் சாலை நடுவில் நின்றார்.

பின்னால் சங்கிலி ஓடும் சத்தம். ஒன்றல்ல. இரண்டு.

பனியிலிருந்து முதலில் வந்தது ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. தொந்தி தெரிய, தோள் ஒரு பக்கம் சாய்ந்து, மூச்சுக்கு மூச்சு தலை ஆட மிதித்துக்கொண்டு வந்தது. அதே மழைக்கோட்டுதான் அவர் உடம்பிலும் இருந்தது. அந்தத் தொந்தி அவருடையது. அந்தச் சாய்வுக்கு மனைவி பத்து வருடமாகக் கேலி செய்கிறாள். தொப்பிக்குள் என்ன இருந்ததென்று அவர் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அது அவரை உரசிக்கொண்டு கடந்தது. ஈரவாடைகூட இல்லை.

அதன் பின்னால் ஒரு சாணில் மைத்துனன். தலை குனிந்து. பல்லைக் கடித்துக்கொண்டு. கண் சக்கரத்திலேயே.

"மாப்ள! நில்லு! நான் இங்க இருக்கேன்!"

மஞ்சள் மழைக்கோட்டின் கை முதுகுக்குப் பின்னால் வந்தது. நேராகப் போ என்று காட்டியது.

"சரி மாமா!" என்றான் அவன். "இவ்ளோ நேரம் காத்த நீங்களே வாங்கிட்டு வர்றீங்களே, ரொம்ப தேங்க்ஸ் மாமா. இனிமே உங்கள கிண்டலே பண்ண மாட்டேன்."

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். ஷூவின் அடிப்பாகம் தாரில் வழுக்கியது. ஓடினார். அவன் முதுகுப்பையின் வார் கைக்கு எட்டியது. பிடித்தார். ஈரம். நழுவியது. முகம் குப்புற விழுந்தார். வாயில் ரத்தம்.

"தலையத் தூக்குடா! ஒரே ஒரு தடவ தூக்குடா!"

சாலை வலப்பக்கம் வளைந்தது. அவர்கள் வளையவில்லை. இரண்டு வெள்ளைக்கற்களுக்கு நடுவே. முதலில் மஞ்சள். அப்புறம் அவன்.

விழுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டி, எண்ணிக்கொண்டே கிடந்தார். ஐந்து. பத்து. இருபது. சத்தம் இல்லை. சங்கிலி மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

கற்கள் வரை தவழ்ந்து போனார். உன் புருஷன் வாயைத் திறக்கவில்லை, நிழற்குடையிலேயே ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், வாயைத் திறக்கவில்லை என்று மனைவியிடம் சொல்வதுபோல் முனகிக்கொண்டே போனார். கீழே பார்த்தார். பனி.

காற்று மறுபடி எழுந்தது. பனி ஒரு பக்கமாகக் கிழிந்தது.

பள்ளத்தாக்கின் நடுவே, சாலை மட்டத்தில், கீழே எதுவுமே இல்லாத இடத்தில், ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. ஆணும் பெண்ணும். புதுச் சைக்கிள்கள். துருப்பிடித்த சைக்கிள்கள். நூறு பேர் இருக்கும். இருநூறும் இருக்கும். ஒவ்வொருவரும் முன்னால் போகிற சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால், தலை குனிந்து, ஒரே தாளத்தில் கால்கள் ஏறி இறங்க. கடைசியில் மைத்துனன். முன்னால் போகும் மஞ்சள் முதுகிடம் இன்னும் ஏதோ பேசிக்கொண்டே மிதித்தான்.

வரிசையின் தலை மெதுவாக வளைந்து, அவர் கிடந்த சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.