கக்கத்து ஈரம்

மொட்டை மாடிக் கொடியில் காலையிலிருந்து தொங்கிய துணியெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருக்க, அந்த அரக்கு நிற ரவிக்கையின் கக்கம் மட்டும் ஈரமாக இருந்தது.

சித்ரகலா கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஈரம்தான். துவைத்த தண்ணீரின் குளிர்ச்சி அதில் இல்லை. யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. முதுகுப் பக்கம் அட்டைபோல விறைத்து நிற்கிறது, கை மடிப்பு சுருங்கிக் கிடக்கிறது, இரண்டு கக்கத்திலும் மட்டும் பிறை பிறையாக ஒரு கறுப்பு. உள்ளே லைனிங் கனமாக இருக்கும், அதனால் காயவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லைனிங்கே கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் அவள். எந்தத் துணியையும் உள்ளும் புறமும் திருப்பிப் பார்க்காமல் உடம்பில் போட்டதில்லை.

ஊர் உலகத்துக்கெல்லாம் புதுத்துணி தைத்து அனுப்புகிற திருப்பூரில் இருந்துகொண்டு, பழைய துணியாகத் தேடித் தேடி உடுத்துகிற ஒரே பைத்தியம் இவள்தான் என்று கம்பெனியில் பேச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தையல் என்று பகலெல்லாம் பனியனைப் பார்த்துச் சலித்த கண் அது. எந்தக் காலத்திலோ யாரோ போட்ட டெரிகாட்டன் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டுப் போடுவாள். நைலக்ஸ் சேலையை வெட்டி நீளப் பாவாடை தைத்துக்கொள்வாள். போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இதயம் இதயமாக வந்து விழும். "புதுத்துணி செத்த துணிங்க. பழசுலதான் உசுரு இருக்குதுங்க" என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தாள். யாரும் அவள் வாயைப் பிடுங்கவில்லை, அவளே சொன்னதுதான்.

ரவிக்கை வந்தது சின்னத்தாயிடமிருந்து. அவள் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடையும் தோளில் துணி மூட்டையுமாகத் தெருத்தெருவாகப் போய், பழைய துணியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கிறவள். எல்லாரும் அவளிடம் துணியைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குவார்கள். சித்ரகலா மட்டும் மூட்டையை அவிழ்க்கச் சொல்லித் துணியைப் பொறுக்குவாள். போன வாரம் மூட்டையின் அடியிலிருந்து இது வந்தது. முழங்கை வரை பஃப் கை, இடுப்பு வரை நீளம், முன்னால் வரிசையாகக் கொக்கி, ஓரமெல்லாம் கைத்தையல். அவ்வளவு பொடித் தையலை எந்த மெஷினிலும் அவள் பார்த்ததில்லை. பார்த்ததும் மனசு அதில் போய் ஒட்டிக்கொண்டது.

"காசு தர்றனுங்க்கா, இதைக் குடுத்துருங்க."

"காசு வேண்டாம் தாயி. இதுக்கு நான் இன்னும் பாத்திரமே குடுக்கல. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு வீட்ல வாங்கினது, அடுத்த நடைக்குத் தாரேன்னு சொல்லிட்டு வந்தேன். நீ ஒரு பாத்திரம் குடு. அதைக் கொண்டுபோயி அங்க குடுத்துர்றேன். நேருக்கு நேராப் போயிரும்."

அலமாரி மேலே கைப்பிடி வைத்த தூக்குப்போசி ஒன்று சும்மா கிடந்தது. கல்யாணச் சீருக்கு அம்மா அனுப்பர்பாளையத்தில் வாங்கி, 'சித்ரகலா' என்று பேர் வெட்டிக் கொடுத்தது. மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. மூடியில்லாத போசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எடுத்து நீட்டினாள். சின்னத்தாய் அதைத் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"பேரு கெடக்கே தாயி. செங்கல்ல தேய்ச்சு அழிச்சுட்டுக் குடு. பேரோட பாத்திரத்தை வெளிய விடக் கூடாது."

"அட, அதை ஆருங்க்கா படிக்கப் போறாங்க? கொண்டு போங்க."

டூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பேரை அழிக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

மாடியிலிருந்து துணியை அள்ளிக்கொண்டு இறங்கிய அன்று ராத்திரி, புருஷன் தமிழ்செல்வன் நிட்டிங் மெஷின் ஓட்ட ஷிப்டுக்குப் போய்விட்டான். பாப்பாவுக்கு மேல் சுட்டுக்கொண்டிருந்தது. நாலு வயது நிறையாத உடம்பு, பக்கத்தில் படுத்துக்கொண்டு அனலாகக் கொதித்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடியபோது, பக்கத்துத் தெருத் தறிச் சத்தத்துக்கும் ஃபேன் சத்தத்துக்கும் நடுவில், அடுப்படியிலிருந்து இன்னொரு சத்தம் மெதுவாகப் பிரிந்து வந்தது. கரண்டியால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம், நெய் காய்ச்சி இறக்கியபின் அடியில் பிடித்த கசண்டை அவசரமே இல்லாமல் ஒருவர் வழித்தெடுக்கிற சத்தம். கூடவே வாசம். முருங்கைக்கீரை போட்டு உருக்கிய நெய், பதம் தாண்டிக் கருகிய வாசம்.

"அம்மா, நெய்ச்சோறு" என்று பாப்பா தூக்கத்தில் முனகினாள்.

வீட்டில் ஒரு சொட்டு நெய் கிடையாது. சித்ரகலா எழுந்து போய் அடுப்படி விளக்கைப் போட்டாள். சத்தம் நின்றது. யாரும் இல்லை. அலமாரியின் மேல், போசி இருந்த இடத்தில், தூசிக்கு நடுவே ஒரு வட்டம் பளபளத்தது. விரலால் தொட்டாள். பிசுக்கென்று ஒட்டியது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள், நெய் வாசம் போகவே இல்லை.

பயம் வந்தால் அவளுக்கு வீம்பும் கூடவே வந்துவிடும். விடிந்ததும் அந்த ரவிக்கையைத்தான் எடுத்து மாட்டினாள். கக்கம் இன்னும் ஈரம். கீழே நைலக்ஸ் பாவாடை. கண்ணாடியில் அழகாகத்தான் இருந்தது, அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

ஷிப்டு முடிந்து வந்த தமிழ்செல்வன் வாசலில் நின்று பார்த்தான். "இது ஆரு போட்டதோ என்னமோ கலா. செத்தவங்க துணியா இருந்தா?"

"செத்தவங்க இருந்த ஊட்டுல நாம குடியிருக்கறதில்லீங்களா? துணிக்கு மட்டும் என்னங்க?" என்று வாயை அடைத்துவிட்டு, பாப்பாவை அவன் பக்கத்தில் படுக்கவைத்து, மருந்தை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கம்பெனி வாசலில் முகத்தைக் காட்டி வருகை போடுகிற மெஷின் உண்டு. முகத்தைக் காட்டினாள். 'பதிவு இல்லை' என்றது. முடியை ஒதுக்கிவிட்டுக் காட்டினாள். 'பதிவு இல்லை.' பின்னால் நின்ற பெண்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்கள். செக்யூரிட்டி கன்னையன் எழுந்து வந்தார்.

"என்ன அம்மிணி, மெஷின் உன்னத் தெரியலைங்குது?"

சிரித்துக்கொண்டே கேட்டவர், அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் போட்டோவையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். உள்ளே விட்டார். அவள் போன பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார்.

செக்கிங் டேபிளில் எதிரே நிற்கிற ரோஸ்மேரி தூத்துக்குடிக்காரி, மூக்கை உறிஞ்சினாள். "ஏட்டி, உன் மேல நெய் வாசம்லா அடிக்கி. ஏதும் கல்யாண வீட்டுக்குப் போய்ட்டு வாரியா?"

அயர்ன் டேபிள் ஆவியும் தகரக் கூரையும் சேர்ந்து அந்த ஹாலை வேகவைத்தன. எல்லாப் பெண்களுக்கும் முதுகு நனைந்து துணி ஒட்டிக்கொண்டிருந்தது. சித்ரகலா நெற்றியைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனாள். துடைக்க ஒன்றும் இல்லை. கழுத்து, முதுகு, எங்கேயும் ஒரு துளி வேர்வை இல்லை. தோல் வறவறவென்று இருந்தது. டீ நேரத்தில் ரோஸ்மேரி டம்ளரை நீட்ட வந்து, சட்டென்று பின்வாங்கினாள்.

"கோவப்படாத. ஒரு நிமிசம் நீ யாரோன்னு நெனச்சிட்டேன்" என்றாள். பிறகு சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மத்தியானம் பாப்பாவின் காய்ச்சலைக் கேட்க வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குதுங்க?"

தமிழ்செல்வன் எடுத்தான். தூக்கம் கலையாத குரல் வந்தது. "என்ன கலா வெளையாடறே? அடுப்படில பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே எனக்குப் போன் பண்றயா?"

"நான் கம்பெனில இருக்கறனுங்க."

பாப்பா சிரிக்கிற சத்தம் போனில் கேட்டது. கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், அவன் காதருகே, "ஆருங்க போன்ல?" என்றது.

அது சித்ரகலாவின் குரல். வீடியோவில் அவளே எத்தனையோ தடவை கேட்ட குரல்.

"தெரியல. ராங் நம்பர்" என்று தமிழ்செல்வன் போனை வைத்தான்.

அவள் ஓடினாள். கேட்டில் கன்னையன் ஏதோ கத்தினார். ரோட்டில் வெயில் வெள்ளையாக எரிந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, போனில் சின்னத்தாயைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் சித்ரகலா. அந்தப் போசிய ஆருகிட்டக் குடுத்தீங்க?"

"நெசமாவே நீதானா தாயி? குரல் வேற மாதிரி இருக்கே?" சின்னத்தாய் மூச்சு வாங்கினாள். "நேத்துத்தான் கொண்டுபோனேன். துணி வாங்கும்போதும் அங்க சன்னல்ல நீட்டின கையை மட்டுந்தான் பார்த்தேன். உள்ள யாரோ சீக்காளின்னு நெனச்சேன். நேத்துப் பார்த்தா வாசல்ல துருப்பிடிச்ச பூட்டு, கதவு முழுக்கக் கரையான் புத்து. ஆனா சன்னல்ல கை வந்துச்சு. குடுத்தேன். அந்தக் கை போசியத் தடவிச்சு தாயி. பேரு வெட்டின எடத்துல வெரல வச்சு, ஒவ்வொரு எழுத்தாத் தொட்டு, உள்ள இருட்டுல இருந்து உன் பேரை வாய்விட்டுச் சொல்லுச்சு. நான் கூடையப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

சித்ரகலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அதைப் போட்டிருக்கியா? கழத்து தாயி. இப்பமே கழத்து!"

அவள் கழுத்துக்குக் கீழே கொக்கியைத் தேடினாள். விரல் வழுக்கியது. அடுத்த கொக்கி. அதுவும் இல்லை. குனிந்து பார்த்தாள். கொக்கி இருந்த இடமெல்லாம் தையல். அதே பொடித் தையல், மேலிருந்து கீழே. நகத்தால் பிய்த்தாள். நூல் அறவில்லை. தோல் வலித்தது. ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பைத்தியத்தையெல்லாம் ஏத்திக்கிட்டு" என்று முணுமுணுத்தான்.

தெரு. காம்பவுண்டு. படி. நெய் வாசம் படியிலேயே எதிரே வந்தது. வீட்டின் கிரில் கேட் உள்ளே பூட்டியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

தமிழ்செல்வன் வந்தான். அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏனுங்க, ஆருங்க வேணும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் ஒரு 'ங்க' போட்டதில்லை. அந்த மரியாதையைக் கேட்டதும் அவள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நான்தானுங்க, கலா! பாப்பாவை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க!"

வந்தது அவள் குரல் இல்லை. கரகரத்த, வயதான, புகை குடித்த குரல். அவன் ஓர் அடி பின்னால் போனான்.

அவனுக்குப் பின்னே அடுப்படி தெரிந்தது. தரையில் பாப்பா. எதிரே, முதுகைக் காட்டியபடி ஒருத்தி. சித்ரகலாவின் டெரிகாட்டன் சட்டை, கை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தது. மடியில் தூக்குப்போசி.

"பாப்பா!" என்று கத்தினாள். "கண்ணு, அம்மா பாரு! இங்க பாரு!"

பாப்பா பார்த்தாள். நேராகப் பார்த்தாள். எதிரே இருந்தவளின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஆரோ வந்துருக்காங்க. பயமா இருக்குது."

உள்ளே இருந்தவள் திரும்பவில்லை. போசிக்குள் கையை விட்டுப் பிசைந்துகொண்டே, சித்ரகலாவின் குரலில் சொன்னாள்:

"பழைய துணி கேட்டு வந்துருப்பாங்க. ஏதாச்சும் இருந்தாக் குடுத்து அனுப்பிருங்க."

தமிழ்செல்வன் உள்ளே கட்டியிருந்த கொடியிலிருந்து ஒரு சேலையை உருவி, கம்பி வழியாக வெளியே தள்ளினான். அவளுடைய கல்யாணச் சேலை. விரல் பட்டுவிடாமல் தள்ளிவிட்டு உள்கதவை இழுத்தான். கதவு முழுதாக மூடிக்கொள்ளவில்லை. ஒரு விரற்கடை இடுக்கு.

கம்பியில் முகத்தை அழுத்தி, அந்த இடுக்கு வழியாகச் சித்ரகலா உள்ளே பார்த்தாள்.

கரண்டி சுரண்டியது. போசி சாய்ந்தபோது அதன் உள்ளே தெரிந்தது. வெறும் போசி. ஒரு பருக்கை இல்லை. கை உள்ளே போனது, அள்ளியது, உருட்டியது. பாப்பா ஆவென்று வாயைத் திறந்தாள். விழுங்கினாள். மறுபடி திறந்தாள்.

நடுமத்தியான வெயிலில் ஒரு பொட்டு வேர்வையில்லாமல் சித்ரகலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளே அந்த டெரிகாட்டன் சட்டையின் இரண்டு கக்கத்திலும் ஈரம் பிறை பிறையாகப் பரவிக்கொண்டிருந்தது.