பதில் தட்டல்

அனுப்பிரியா என்ஜினின் அடிக்கதவை ஸ்பேனரால் மூன்று முறை தட்டினாள். உள்ளேயிருந்து மூன்று முறை பதில் வந்தது.

ஆள் இறங்கித் துடைக்கிற அளவுக்குப் பெரிய என்ஜின். அதனால் ஸ்டார்ட் செய்யும் முன் தட்டிவிட்டுக் காது கொடுப்பது பெருங்களத்தூரின் இந்தச் சின்ன மின்நிலையத்து வழக்கம். உள்ளே யாராவது இருந்தால் திருப்பித் தட்ட வேண்டும். அவள் வேலைக்கு வந்த இரண்டு வருடத்தில் யாரும் தட்டியதில்லை.

போல்ட்டுகளைக் கழற்றி டார்ச் அடித்தாள். ஆளில்லை. வெதுவெதுப்பான எண்ணெய் நாற்றம் மட்டும், யாரோ மூச்சு விட்டதுபோல் முகத்தில் பட்டது. மூடினாள். தட்டினாள்.

உள்ளேயிருந்து டக். டக். டக்.

காலையில் உள்ளே இறங்கித் துடைத்த ஃபிட்டர் துலுக்காணத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, உங்ககூட எறங்குன சாலமன் எங்க?"

"பக்கத்துல குந்திகினு வடை துன்றான். இன்னாம்மா பேஜாரு?"

"உள்ள யாரோ மூணு தடவை திருப்பித் தட்டுறாங்கண்ணா."

"பெருச்சாளியா இருக்கும். மூணு வரைக்கும் எண்ணுதுன்னா அதுக்கும் ஒரு வேலை போட்டுக் குடு." சிரித்தார். "ரோடு ஃபுல்லா தண்ணிம்மா. நாங்க திரும்பி வர முடியாது."

அடுத்து மேனேஜர் ஷ்யாம்சுந்தர்.

"ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் தண்ணில முழுகிடுச்சு. பேட்டரி இன்னும் பத்து நிமிஷம்தான். பதினோரு பச்சக் குழந்தைங்க வென்டிலேட்டர்ல இருக்கு. ஸ்டார்ட் பண்ணுங்க!"

"சார், நீங்க ஒரு தடவை வந்து கேளுங்க..."

வைத்துவிட்டார். பொறுப்பை மட்டும் போனில் அனுப்புகிற மனிதர்.

பட்டனை அழுத்தினாள்.

தார்போல் கெட்டியாக இருந்து சூடேறி இளகிய ஃபர்னஸ் ஆயில் குழாய்களில் ஓடி, சிலிண்டர்களுக்குள் புகையாய்ச் சிதறி வெடிக்க, ஒவ்வொரு வெடியும் ஒரு பிஸ்டனை உதைக்க, உதைபட்ட தண்டு மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரை இழுத்துச் சுழற்ற, மழை கொட்டும் தகரக் கூரையும் தரையும் அவள் பற்களும் ஒன்றாக அதிர்ந்தன. மீட்டரில் முள் ஏறியது. மின்சாரம் கிளம்பிவிட்டது.

"வந்துடுச்சு!" காதோடு அழுத்திய போனில் மறுபடி மேனேஜர். "எதுக்காகவும் நிறுத்திடாதீங்க."

அந்த இரைச்சலுக்குள்ளும் கேட்டது. இப்போது எண்ணிக்கை இல்லை. ஒரே ஆள் தட்டுவதாகவும் இல்லை. பல கைகள். கதவை அடிக்கிற கைகளுக்கே வலிக்கிற மாதிரி.

நிறுத்தும் சுவிட்சில் விரல் வைத்தாள். நிறுத்தினால் அந்தப் பதினோரு பேர். நிறுத்தாவிட்டால்?

"யாரு?" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கூப்பிட ஒரு ஆளில்லை. கேட்டைத் தாண்டி எங்கும் தண்ணீர்.

தட்டல். தட்டல்.

விரலை எடுத்துவிட்டாள்.

தட்டல் நின்றது.

கதவுக்குக் கீழே, எண்ணெய் மட்டம் பார்க்கும் வட்டக் கண்ணாடி கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்பை உள்ளேயிருந்து ஒரு விரல் மெதுவாகத் துடைத்தது.

பிறந்த குழந்தையின் விரல்.